முகட்டுக்கு வந்த மழை

பாறையின் அடியில் பதிந்திருந்த எஃகுத் தகட்டில் மாதுமை கட்டைவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அவளுக்குப் பின் அண்ணன் கௌரீசனும் வைத்தான். இந்த முகட்டில் இன்று இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது கீழே எங்கோ பதிவாயிற்று. இதைச் செய்யாமல் ஆல்ப்ஸ் மலையில் யாரும் இடுப்பில் கயிறு கட்டுவதில்லை.

"வானம் என்ன மாதிரி?" என்று கேட்டான் கௌரீசன்.

"பள்ளத்தாக்குக்கு நாள் முழுக்க வெயில் எண்டு சொல்லியிருக்கினம். மலைக்கு ஒண்டும் சொல்லேல்லை."

மலைக்கு எப்போதுமே சொல்வதில்லை. மேகங்களை வேறு பக்கம் தள்ளும் மேகத்திருப்பிகள் வந்த பிறகு ஊர்களின் வானிலை பேருந்து அட்டவணைபோல ஆகிவிட்டது. ஆனால் மழையை நகர்த்தத்தான் முடியும், இல்லாமல் செய்ய முடியாது. ஆளில்லாத முகடுகளின் மேல்தான் அதைக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்.

இருவரும் சுவிஸில் பிறந்து வளர்ந்தவர்கள். கௌரீசன் பல் கட்டும் கூடம் வைத்திருந்தான். மாதுமைக்கு ரயில் பாலங்களைச் சோதிக்கும் வேலை. கோடையில் ஒரு நாள் வீட்டாரை விட்டுவிட்டு இருவரும் பாறை ஏறுவது வழக்கம்.

காலை நன்றாகவே போயிற்று. பாறை கையில் இதமாகச் சுட்டது. நீண்ட வெடிப்பு ஒன்றில் விரல்களைச் செருகி மாதுமை முன்னால் ஏறினாள். கௌரீசன் கயிற்றை விட்டுக்கொடுத்தபடி கீழே நின்றான். முகட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு குறுகிய படியில் இருவரும் சேர்ந்து அமர்ந்தபோது, தெற்கே மேகம் கறுத்துத் திரண்டிருந்தது.

அப்போது காதில் மாட்டியிருந்த செவித்துணையில் ஒரு பெண் குரல் வந்தது. ஆளிருக்கும் முகட்டில் மழையை இறக்கச் சம்மதம் கேட்பவர் மனிதராக இருக்க வேண்டும், ஏறுபவர்களின் தாய்மொழியில் கேட்க வேண்டும் என்பது சட்டம். அவள் ஜெர்மனில் பேசியதைச் செவித்துணை மொழிபெயர்க்க, செய்தி வாசிப்பதுபோன்ற தமிழில் கேட்டது.

"மழைமாற்று நிலையத்திலிருந்து லீனா பேசுகிறேன். மன்னிக்கவும், கேட்க வேண்டிய நிலைமை. உங்களுக்குக் கீழே உள்ள ஊரின் மலைச்சரிவு பனி உருகிய நீரில் ஏற்கனவே ஊறிப்போயிருக்கிறது. இந்த மழை அங்கே விழுந்தால் மண் சரியலாம். மக்களை வெளியேற்றுகிறோம், இன்னும் முடியவில்லை. காற்று வேறு திசைக்கு விடவில்லை. உங்கள் முகட்டில் இறக்க இருவருடைய சம்மதமும் வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அனுப்பமாட்டோம். காரணம் கேட்கமாட்டோம். உங்கள் பதிலை யாருக்கும் சொல்லவும் மாட்டோம்."

"எனக்குச் சம்மதம்," என்றாள் மாதுமை உடனே.

கௌரீசன் திரும்பினான். "உனக்கென்ன விசரே? இடி இறங்கினா நேரா எங்கட தலையிலதான்."

"தெரியும் அண்ணா."

"எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு, மாது."

கீழே சனம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள்; அது அவனுக்கும் தெரியும் என்பதால் அடக்கிக்கொண்டாள். அவன் மறுத்தால் தான் ஒருநாளும் அதைப் பேசக்கூடாது என்று நினைத்தாள். பேசாமல் இருக்கத் தன்னால் முடியுமா என்று தெரியவில்லை.

கௌரீசன் கீழே பார்த்தான். ஓட்டுக் கூரைகளுக்கிடையே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன.

"லீனா, எங்கட இடத்தில நீங்கள் இருந்தால் என்ன செய்வீங்கள்?"

"அதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"மழையை எவ்வளவு நேரம் பிடிச்சு வைப்பீங்கள்?"

"முடிந்தவரை. அரைமணி நேரம் கிடைக்கலாம்."

அவன் இடுப்புக் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தான். பிறகு, "சம்மதம்," என்றான். மறுபடியும் தெளிவாகச் சொன்னான்.

முகட்டோரத்தை விட்டுக் கயிற்றில் வேகமாக இறங்கினார்கள். பாறைச் சுவரில் ஆள் குந்தக்கூடிய குழிவொன்று இருந்தது. மின்னலுக்குப் பயந்து கொக்கிகளையும் ஆணிகளையும் பையில் கட்டித் தள்ளித் தொங்கவிட்டார்கள். கயிற்றுச் சுருளை அடியில் போட்டு, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு ஒட்டி அமர்ந்தார்கள்.

மேகம் வந்து மூடியது. முதலில் ஆலங்கட்டி விழுந்தது, பிறகு கண் தெரியாத மழை. மாதுமையின் கை மயிர்கள் குத்திட்டு நின்றன. மேலே முகட்டில் வெள்ளையாக ஏதோ வெடித்தது. பாறை உடைந்து, அவர்களுக்கு ஒரு கை தள்ளி உறுமிக்கொண்டு கீழே போயிற்று. எரிந்த கல்லின் மணம் வந்தது.

"நாளைக்குச் சின்னவள் ஆதிரைக்கு நீச்சல் வகுப்பு," என்று கத்தினான் கௌரீசன்.

"என்ன?"

"நீதான் கூட்டிக்கொண்டு போகோணும். நான் நித்திரை கொள்ளப்போறன்."

அவள் சிரித்தாள். பற்கள் கிடுகிடுத்ததில் சிரிப்பு விக்கல்போல வந்தது. அவன் தன் கையுறையைக் கழற்றி அவளுடைய விறைத்த விரல்களுக்கு மாட்டிவிட்டான்.

மழை ஓய்ந்ததும் செவித்துணையில் முதலில் லீனாவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "இருவரும் இருக்கிறீர்களா?"

"இருக்கிறம்," என்றாள் மாதுமை.

ஈரப் பாறையில் மெல்ல மெல்ல இறங்கி, மாலையில் ஊரை அடைந்தார்கள். தெருவில் புழுதி பறந்தது. வெளியேறிய மக்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் தடித்த பெண்மணி ஒருத்தி பெட்டியை வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"ஒரு துளி விழவில்லை, பார்த்தீர்களா?" என்றாள் அவர்களிடம் ஜெர்மனில். "சும்மா துரத்தினார்கள். அடுப்பில் வைத்த சூப் கருகியிருக்கும். இனிக் கூப்பிட்டால் நான் அசையமாட்டேன்." பிறகுதான் அவர்களைச் சரியாகப் பார்த்தாள். "நீங்கள் எங்கே இப்படி நனைந்தீர்கள்?"

மாதுமை வாயைத் திறந்தாள். "மேலே கொஞ்சம் பெய்தது," என்று கௌரீசன் முந்திக்கொண்டான்.

அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசல் வரை போனான். மாதுமையும் கூடவே போனாள். சமையலறைச் சன்னலைத் திறந்து கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அந்தச் சரிவு செங்குத்தாக நின்றது. மண்ணில் நீளமாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

கௌரீசன் பெட்டியைக் கீழே வைக்க மறந்து அந்த விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அடுத்த முறையும் கூப்பிட்டால் போய்விடுங்கள்," என்றான்.

"ஏன்?" என்றாள் அவள்.

"தயவுசெய்து போய்விடுங்கள்."