சூளையோரத்து வெங்கார மூட்டை

எந்த ஊர்த் தண்ணீரானாலும், குடிப்பதற்கு முன் ராஜாராமன் ஒரு கரண்டி எடுத்துக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் வைப்பார். நீர் போனபின் எஞ்சும் வெண்கோடுகளைப் பார்த்தால்தான் அவருக்கு மனம் அமையும். வற்றிய ஏரிகளில் படியும் உப்புகளை வேலைக்காலம் முழுதும் ஆராய்ந்தவர். ஓய்வுபெற்று விருத்தாசலத்தில் குடியேறிய பின்னும் அந்தப் பழக்கம் விடவில்லை.

அன்று தட்டு காய்வதற்குள் பூங்கோதை வாசலில் வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம்.

"ஐயா, எங்க வூட்டுக்காரரு தப்புப் பண்ணலீங்க. சோறு தண்ணி இல்லாம கெணத்து மேட்டுலயே உக்காந்திருக்காரு. ஏதாச்சும் பண்ணிக்குவாரோன்னு பயமா இருக்குது."

அவள் கணவன் கொளஞ்சி, அன்புக்கரசியின் பீங்கான் சூளையில், ஜாடிகளுக்குப் பளபளப்பு தரும் கிளேஸ் பூச்சைக் கலப்பவன். அண்மையில் ஊறுகாய் ஜாடிகளின் மேல் பூசிய கிளேஸ் வழிந்தோடி, ஜாடிகள் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டன. கிளேஸை உருக வைப்பது வெங்காரம் என்னும் ஏரி உப்பு. அது மிகுந்தால்தான் அப்படி வழியும். வெங்கார மூட்டையை நிறுத்துப் பார்த்தால் எடையும் குறைவு. வஞ்சத்தில் அள்ளிக் கொட்டினான் என்று டீக்கடையில் பலர் முன்னே சொல்லி, முதலாளியம்மாள் அவனை விரட்டிவிட்டாள். பிறகு எந்தச் சூளையும் அவனைச் சேர்க்கவில்லை.

"மூட்டையில குறையுது, கலவையில கூடுது. இன்னும் என்ன சந்தேகம்?" என்று காதோரம் சொன்னார் மனைவி ஜயா. துப்பு என்றால் கணவருக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொள்பவர் அவர்.

"கொளஞ்சி போன பிறகு யார் கலந்தாங்கன்னு கேட்போம், வா."

சூளையில் அன்புக்கரசி உடைந்த ஜாடிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். "நான்தான் சார் கலந்தேன். அதே எடைதான் போட்டேன். அதுவும் ஒட்டிக்கிச்சு! முன்னாடியே என்னத்தையோ சேத்து வெச்சிருக்கான். அடுத்ததும் போச்சுன்னா பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

ராஜாராமன் மூட்டையைப் பார்த்தார். அது சூளைச் சுவரில் சாய்ந்திருந்தது. சுவரைத் தொட்ட பக்கம் வெங்காரம் மாவாக வெளுத்திருந்தது. மறுபக்கம் கற்கண்டாக மின்னியது.

"இங்க யார் வெச்சது?"

"நான்தான். கூரை ஒழுகுச்சு. ஜாடி ஒட்டுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, காஞ்ச எடமாப் பாத்து நவுத்தினேன்."

மின்னிய படிகங்களைச் சிறிது நிறுத்து, ஓட்டுத் துண்டில் பரப்பிச் சூடான சுவரோரம் வைத்தார். ஓட்டுத் துண்டைவிட்டு யாரும் கண்ணெடுக்கவில்லை. படிகம் மெல்ல வெளுத்தது. மீண்டும் நிறுத்தார். எடை குறைந்திருந்தது.

"இப்போ யார் அள்ளினாங்க?"

ஓட்டுத் துண்டை அன்புக்கரசியிடம் நீட்டினார்.

"ஏரி வத்துறப்போ வெங்காரம் தனியாப் படியாது. தண்ணியையும் உள்ளே கட்டிக்கிட்டே படியும். அதோட எடையில ஏறக்குறைய பாதி தண்ணி. சூடு பட்டா அந்தத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும், மூட்டை குறையும். மிச்சத்துல பழைய எடையே அள்ளினா, வெங்காரம் கூடுதலா விழும். குறைஞ்சதுக்கும் கூடினதுக்கும் காரணம் ஒண்ணுதான்."

"அப்போ குத்தவாளி இந்தச் சுவரா?" என்றார் ஜயா.

ராஜாராமன் சிரிக்கவில்லை. "ஒரு ஏரி, கரையில நின்ன கொக்குதான் தன் தண்ணியெல்லாம் குடிச்சிடுச்சுன்னு பழி சொல்லிச்சாம். தலைக்கு மேல இருந்த சூரியனை அது நிமிந்தே பாக்கலை."

அன்புக்கரசி நேரே டீக்கடைக்குப் போனாள். அன்று பழி கேட்டவர்கள் பலரும் அங்கிருந்தார்கள்.

"மூட்டைய சூளைச் சுவத்தாண்ட நவுத்தி, சூட்டுல கெடுத்தது நானு. கொளஞ்சி மேல பழி போட்டதும் நானு. அவன் கை சுத்தம்," என்று உரக்கச் சொல்லி, அவர்களையும் அழைத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்கு நடந்தாள். அங்கே கைகூப்பி நின்று, அதையே அவன் முகம் பார்த்துச் சொன்னாள். "மன்னிச்சிடு கொளஞ்சி."

கொளஞ்சி கிணற்று மேட்டிலிருந்து எழுந்தான்.

"மொதல்ல அந்த மூட்டைய சுவத்தாண்ட இருந்து எடுங்கம்மா," என்றான். பிறகு கூட்டத்தோடு வந்து நின்ற மனைவியின் பக்கம் திரும்பினான். "பூங்கோதை, சோறு இருக்குதா? தின்னுட்டு வேலைக்குப் போவணும்."