ஏழாவது வரிசை, இடது ஜன்னல்

பல் டாக்டர் நன்றி சொல்லத்தான் மாடியேறி வந்தார். "மலையைச் சொன்னீங்க, சரி. அந்த ஏரியைப் பத்தி ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் சிரித்து வைத்தாள். அந்த விமானம் போகும் வழியில் ஏரியே கிடையாது.

மூன்றாவது மாடியில், பஸ் டிப்போவின் தகரக் கூரைகளைப் பார்த்தபடி இருந்த அந்த டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட்டை யார் வேண்டுமானாலும் போட்டுத் தரலாம். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கண் நிறையப் பார்க்கலாம் என்று சொல்ல அவளால்தான் முடியும். வெயில் எந்தப் பக்கம் விழும், மலை எப்போது வரும், இறக்கை எந்த வரிசையிலிருந்து மறைக்கும் என்றெல்லாம் யோசித்து, தெற்கே போகும் மாலை விமானத்துக்கு ஏழாவது வரிசை, இடது ஜன்னல் என்று எழுதித் தருவாள். அவள் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. "ருசி பார்க்காத சமையல்காரி" என்பார் மேனேஜர்.

அடுத்த வாரம் ஒரு புதுப்பெண் வந்தாள். ஏரியில் படகுகள்கூடத் தெரிந்ததாம். அதற்கும் பிறகு டயர் கடைக்காரர். "கரையில நின்னு கை காட்டறாங்கம்மா. மூக்கு முழியெல்லாம் தெளிவாத் தெரியுது."

அவ்வளவு உயரத்திலிருந்தா? அவள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வறண்ட மேடுகள். ஒரு குட்டை அளவுக்குக்கூட நீலம் இல்லை.

மூவருமே பேசும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தார்கள். அவர்கள் போன பின் அறையில் நாள்பட்ட தண்ணீரின் பாசி வாடை வெகுநேரம் தங்கியது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்து அதே சீட்டைக் கேட்டார்கள்.

"ரிட்டர்ன் எப்போ?"

"வேண்டாம்." மூன்று பேரும், தூக்கத்தில் பேசுவதுபோல, ஒரே மிருதுவான குரலில்.

இன்று மூன்றே முக்காலுக்கு டாக்டரின் நர்ஸ் போன் செய்தாள். "மேடம், டாக்டர் போய்ப் பத்து நாளாச்சு. எப்ப வர்றதாச் சொன்னாரு?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்றைய விமானத்தில் அவள் தங்கை போகிறாள். வேலைக்கான இன்டர்வியூ, முதல் பயணம். ஏரிப் பேச்சு தொடங்கும் முன்பே, ஆசை ஆசையாக, அவளே ஒதுக்கிய சீட்டு.

தங்கையின் எண்ணை அழுத்தினாள்.

"உள்ள உட்கார்ந்தாச்சுக்கா. பெல்ட்டும் போட்டாச்சு, பயப்படாத."

"எழுந்திருடி. வேற சீட்டுக்கு மாறிக்கோ. நடு சீட்டானாலும் பரவாயில்ல."

"நல்லாருக்கே! ஊருக்கெல்லாம் ஜன்னல், கூடப் பிறந்தவளுக்கு நடு சீட்டா?"

"சொன்னாக் கேளு!"

தங்கையின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா... இங்க ஒரு ஏரி இருக்கு."

"கிளம்பிடுச்சா?"

"இல்ல. இன்னும் கதவே மூடல."

"ஜன்னலை மூடு! திரும்பிக்கோ!"

"கரையில ஒருத்தங்க கை காட்டறாங்க." குரல் மிருதுவாகிவிட்டிருந்தது. "அக்கா, நீதான்."

போன் அடங்கியது.

மின்விசிறியின் சத்தம் இல்லை. டிப்போவின் ஹாரன்கள் இல்லை. மேனேஜரின் நாற்காலி காலி. பாசி வாடை மட்டும். முதுகுக்குப் பின்னாலிருந்து.

திரும்பக் கூடாது.

திரும்பினாள்.

தகரக் கூரைகள் இல்லை. தெரு இல்லை. ஜன்னலின் கீழ்விளிம்பு வரை தண்ணீர். நீலம். ஓர் அலைகூட இல்லை. அதன் அடியாழத்தில், விளக்கெரியும் முட்டை வடிவ ஜன்னல்கள், வரிசையாக. ஒவ்வொன்றிலும் கண்ணாடியோடு அழுந்திய ஒரு நெற்றி. ஏழாவதில் தங்கை. தலைமுடி மேல்நோக்கி மெல்ல மிதந்தது. திறந்த கண்கள் இவளையே பார்த்தன.

இவளைக் கேட்காமலே, இவளுடைய வலது கை உயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.