சித்தப்பா குளித்த கதை

மாடிக் குளியலறையில் அக்காவின் தலை முழுக்க சோப்பு நுரை. குழாயிலோ ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்னும் சற்று நேரத்தில் அவள் வேலைக்கான நேர்காணலுக்குக் கிளம்ப வேண்டும்.

"சித்தப்பா! கண்ணு எரியுது! இப்படியே போய் நின்னா யாரு வேலை குடுப்பாங்க?"

"இதோ ஆச்சும்மா!"

கீழே மோட்டார் அறையில் சித்தப்பா ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மோட்டாரின் குழாயும் மாடிக்குப் போகும் குழாயும் சேரும் இடத்தில் இரண்டு வட்டத் தகடுகள். நடுவில் கேஸ்கட் என்கிற ரப்பர் வளையம். சுற்றிலும் நான்கு போல்ட்டுகள். பழைய வளையம் கிழிந்துபோனதால் சித்தப்பா புதியதை வைத்திருந்தார்.

அவருக்கு அரைகுறை வேலையே பிடிக்காது. முதல் போல்ட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். இனி அசையாது என்று தெரிந்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டார்.

"வாலு, மோட்டாரைப் போடு!"

வாலு, அக்காவின் தங்கை. போட்டாள். தண்ணீர் மாடிக்குப் போகாமல், குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் முகத்துக்கு வந்தது.

"நிறுத்து, நிறுத்து!"

"குளிக்கணும்னு சொன்னது அக்காதானே, சித்தப்பா?"

"கிண்டலா? இரு, இன்னும் இறுக்குறேன்."

மறுபடி முதல் போல்ட்டு. மறுபடி குளியல்.

மோட்டாரை நிறுத்திவிட்டு வாலு கிட்டே போய்ப் பார்த்தாள். முதல் போல்ட்டின் பக்கம் தகடுகள் ஒட்டிக்கிடந்தன. எதிர்ப்பக்கம் லேசாக வாய் பிளந்திருந்தது.

"என் சாப்பாட்டு டப்பாவுல ஒரு பக்கத்தை மட்டும் அமுக்கினா, எதிர்ப்பக்கம் மூடி தூக்கிக்கும். இதுவும் அப்படித்தான். எல்லாத்தையும் தளர்த்துங்க, சித்தப்பா."

"ஒழுகுறதைப் போய் யாராவது தளர்த்துவாங்களா?"

"அவ சொல்றதைக் கேளுங்களேன்!" என்று மாடி அலறியது. "நுரை காதுக்குள்ள போகுது!"

சித்தப்பா தளர்த்தினார். வளையம் கிழியவில்லை. வாலு அதை நடுவில் சரியாக நகர்த்தி வைத்தாள்.

"இதைக் கொஞ்சம் திருப்புங்க. போதும்! இப்ப நேர் எதிர்ல இருக்குறது. போதும்னு சொன்னேன்ல!"

"கை கேக்க மாட்டேங்குதே!"

மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நான்கும் இறுகின. வாலு மோட்டாரைப் போட்டுவிட்டு, காய்ந்த காகிதம் ஒன்றால் இணைப்பைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். காகிதம் மொறுமொறுவென்று அப்படியே இருந்தது.

மாடியில் சோவென்று சத்தம். கூடவே அக்காவின் பாட்டும் வந்தது.

மோட்டார் அறையில் இப்போது சொட்டிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: சித்தப்பாவின் மீசை.