ஜசுமதி வாங்கிய பெட்டகம்

வல்ஜிபாயின் கடையில் இருந்த பதினோரு இரும்புப் பெட்டகங்களையும் ஜசுமதி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பத்தும் குளிர்ந்திருந்தன. வெயிலே எட்டாத பின்சுவரோரம் நின்றிருந்த பழைய பெட்டகம் மட்டும், இப்போதுதான் யாரோ எழுந்துபோன படுக்கையைப் போல இளஞ்சூடாக இருந்தது.

கையை எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். சித்திரை மாதத்து ராஜ்கோட்டில் எதுதான் சுடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் மகள் கிஞ்சலுக்குக் கல்யாணம். அந்த நேரம் பார்த்து, கிளையை வேறு இடத்துக்கு மாற்றுகிறோம், லாக்கரைக் காலி செய்யுங்கள் என்று வங்கியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. கணவர் கிரிட்பாய்க்கு எண்களை அழுத்தித் திறக்கும் புதுப் பெட்டி ஒன்று பிடித்திருந்தது. ஜசுமதி அதைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அசைந்தது. திருடன் இதை உடைக்கவே வேண்டாம், போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்றாள். பழையதன் கதவு மூன்று அங்குலக் கனம். சாவியைத் திருப்பினால் மேலும் கீழும் பக்கவாட்டிலுமாகத் தடித்த தாழ்கள் ஒரே நேரத்தில் இறங்கின.

"இதைத் தூக்குறவனுக்கு ஜெயில் எதுக்கு, ஜசுபென்?" என்றார் வல்ஜிபாய். "நேரா ஆஸ்பத்திரிதான்."

"இவளுக்கு எதுவும் கிழடா இருந்தாத்தான் பிடிக்கும்," என்றார் கிரிட்பாய்.

"இல்லன்னா உங்களோட முப்பது வருஷம் ஓட்டியிருப்பேனா?"

வல்ஜிபாய் சிரித்த சிரிப்பிலேயே விலை படிந்துவிட்டது. யார் வீட்டுப் பெட்டகம் என்று கேட்டதற்கு, ஜாம்நகர் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தபோது இரண்டு சுவர்களுக்கு நடுவே இருந்தது என்றார். சாவி கதவிலேயே தொங்கியதாம். உள்ளே ஒன்றுமே இல்லையாம்.

ஆறு பேர் மூச்சு வாங்க அதைச் சுமந்து வந்து உள்ளறைத் தரையில் திருகாணி போட்டு இறுக்கினார்கள். எட்டு வளையல்கள், கழுத்து ஆரம், காதணிகள். ஒவ்வொன்றையும் சிவப்புத் துணியில் பொதிந்து, தன் வழக்கப்படி இரண்டு முடிச்சுப் போட்டு, ஜசுமதி உள்ளே அடுக்கினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பல நாட்களுக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் திறந்தபோது வாடை வந்தது. பழைய தலையெண்ணெயின் வாடை. அதற்கு அடியில், வெகுநேரம் வாய் மூடித் தூங்கி எழுந்தவரின் மூச்சைப் போல இன்னொன்று. துணிகளில் ஒற்றை முடிச்சுத்தான் இருந்தது. அவள் போடுவதைவிடச் சீரான, தட்டையான, அழகான முடிச்சு. தான்தான் மறந்துபோய் அப்படிக் கட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

அதற்கடுத்த நாள் ஆரத்தை எடுத்தாள். அது ஒரு கழுத்திலிருந்து அப்போதுதான் கழற்றியதைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. கொக்கியில் ஈரம். மூன்று முழ நீளத்துக்கு ஒரு கரிய முடி அதில் சிக்கியிருந்தது. கிஞ்சலின் முடி தோளோடு வெட்டியது. தன் முடியோ பாதிக்கு மேல் நரைத்தது. புடவைத் தலைப்பால் ஆரத்தைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, முடியைச் சுருட்டி ஜன்னல் வழியே எறிந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அடம்பிடித்து வாங்கியவள் அவள்தானே. சொன்னால் கிரிட்பாய் கல்யாணத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ராஜ்கோட்டில் மதியம் ஒரு மணிக்குக் கடைகள் மூடினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். மோரும் ரொட்டியும் உண்டு ஊரே உறங்கும். தெருவில் நாய்கூட நடக்காது. மின்விசிறியின் கிறீச்சிடலும் புறாக்களின் முனகலும் தவிர வேறு சத்தமில்லாத அந்த நேரத்தில், அன்று உள்ளறைச் சுவருக்கு அப்பாலிருந்து வளையல் ஒலி ஜசுமதிக்குக் கேட்டது. முதலில் ஒன்று. பிறகு, தூக்கத்தில் ஒரு பெண் புரண்டு படுப்பதுபோல, எட்டும் சேர்ந்து.

மறுநாள் காலை கிஞ்சல் வளையல்களைப் போட்டுப் பார்த்தாள். விரல் கணுவைத் தாண்டி ஒன்றுமே ஏறவில்லை. ஜசுமதி அவற்றைத் தட்டான் பரேஷிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் செஞ்சது இந்த அளவு இல்ல," என்றான். "உருக்கல, வெட்டல. யாரோ போட்டுப் போட்டு அழுத்தி ஒடுக்கியிருக்காங்க, ஜசுபென். ரொம்ப மெலிஞ்ச கை." தன் கட்டைவிரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான். "சதையே இருக்காது போல."

வளையல்களை அவனிடமே விட்டுவிட்டு வந்தாள். மீதி நகைகளைக் கிரிட்பாய் கையில் கொடுத்து, தன் அண்ணன் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்டார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகைகளோடு கிளம்பினார். வல்ஜிபாயைத் தொலைபேசியில் அழைத்து, பணம் வேண்டாம், பெட்டகத்தை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றாள். நான்கு மணிக்கு ஆட்களோடு வருகிறேன் என்றார் அவர்.

மணி இரண்டு. கிஞ்சல் தன் அறையில் தூங்கப் போயிருந்தாள். காலியான பெட்டகத்தைப் பூட்டி, சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி, ஜசுமதி அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். இரும்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. விசிறி சுற்றியது. புறாக்கள் முனகின. கண் எரிந்தது.

ஒரு கணம்தான் கண்ணை மூடியிருப்பாள்.

திறந்தபோது பெட்டகத்தின் கதவு ஒரு விரலகலம் விலகியிருந்தது. தாழ்கள் உள்ளே போயிருந்தன. சாவி அவள் கையில்தான் இருந்தது.

கதவை இழுத்தாள். காலி. கையை உள்ளே விட்டுத் துழாவினாள். தட்டு. பின்தகடு. மூலைகள். ஒன்றுமில்லை. வாடைகூட இல்லை.

வாடை அவளுக்குப் பின்னால் இருந்தது.

நடைவழியில். தலையெண்ணெய். மூச்சு. அது கிஞ்சலின் அறை வரைக்கும் போயிருந்தது.

ஓட நினைத்தாள். கால்கள் நடக்கத்தான் செய்தன. கதவு திறந்திருந்தது.

கிஞ்சல் வாசலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. உதட்டில் லேசான சிரிப்பு. அவள் முதுகுக்குப் பின்னால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, நான்கு விரல் இடைவெளி. அந்த இடைவெளியிலிருந்து ஒரு கை மேலே வந்திருந்தது. நீளமான கை. வெளிச்சமே கண்டிராத வெளுப்பு. கிஞ்சலின் முடியை நெற்றியிலிருந்து பின்னுக்கு, நெற்றியிலிருந்து பின்னுக்கு, அது கோதிக்கொண்டிருந்தது.

ஜசுமதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

கை நின்றது.

"மம்மி," என்றாள் கிஞ்சல், கண்ணைத் திறக்காமல். "நிறுத்தாதே. சுகமா இருக்கு."

விரல்கள் மெல்ல வாசல் பக்கம் திரும்பின, அங்கே ஒருத்தி நிற்பது தெரிந்ததைப் போல. சற்று நேரம் அப்படியே இருந்தன.

பிறகு மறுபடியும் கோதத் தொடங்கின.