ஆணியில் தொங்கிய ஹரானா

யாரும் தொடாமலே சுவரில் இருந்த ஹரானா கிலுகிலுத்தது.

நிகாசியா நிமிர்ந்து பார்த்தாள். ஒரே கேதுரு மரத்துண்டைக் குடைந்து செய்த உடம்பு, எட்டுத் தந்தி. மரப்பலகை மேடைமேல் ஊரே ஆடுகிற விசேஷ நாட்களில் அவள் கணவன் தெல்ஃபினோ தோளில் மாட்டிக்கொண்டு போகிற வாத்தியம். தந்தி ஒன்றுகூட அசையவில்லை. சத்தம் அதன் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது, வறுத்த பயறைத் தகர டப்பாவில் போட்டு மெல்ல ஆட்டினாற்போல. கொஞ்ச நேரம் கேட்டது, நின்றது. காற்றாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் காற்று காலையிலேயே ஓய்ந்து போயிருந்தது.

மத்தியானம் மூன்று மணி. பாப்பலோஆபன் ஆறு நேற்றே கரை உடைத்துவிட்டது. சேறும் அழுகின கரும்புச் சக்கையும் கலந்த வாடை வீடு முழுக்க. வாசலில் இருந்த மூன்று படியில் ஒன்றுதான் தண்ணீருக்கு மேலே இருந்தது. தெருவில் ஆள் நின்றால் இடுப்புக்கு வரும். இழுக்கிற இழுப்பில் நிற்கத்தான் முடியாது. விடிகாலையில் மாட்டை மேட்டுக்கு ஓட்டிப்போன தெல்ஃபினோ, மத்தியானச் சாப்பாட்டுக்குள் படகோடு வந்துவிடுவதாகச் சொன்னான். ஆம்பளை சொல்கிற நேரத்தை நம்பி அடுப்பில் உலை வைக்க முடியுமா?

பக்கத்து வீட்டு கிளேட்டா அம்மாள் பன்னிரண்டு மணிக்கே படகைக் கொண்டுவந்து சன்னலை ஒட்டி நிறுத்தினாள். படகில் ஏழு கோழி, ஒரு பன்றி.

"ஏறுடி பொண்ணே! பன்னிய கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்றேன். உன் புருஷனவிட அது சொன்ன பேச்சு கேக்கும்."

"பெத்து பத்தொம்பது நாள்தானே ஆச்சு கிளேட்டாம்மா. நாப்பது நாள் முடியாம ஈரத்துல எறங்கினா வயித்துல குளிர் ஏறிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்தான். ஆறு வந்து என்னைக் கேட்டுட்டா பெருகுது?"

"அவரு வந்துருவாரு."

"வருவான், வருவான். பாம்ப விட்டுட்டு வால மட்டும் வீட்டுக்குக் கொண்டாந்த மேதாவியாச்சே! அறுத்தாலும் அது அவ வாலுதான்டி. அவளுக்குக் கோவம் வந்தா அது ஆடும், பக்கத்துல வந்து சட்டுனு நின்னா கொத்தப் போறான்னு அர்த்தம். அந்தச் சனியன ஆத்துல தூக்கிப் போடு." சிலுவை போட்டுக்கொண்டு துடுப்பைத் தள்ளினாள்.

அந்தப் பக்கத்து ஹரானாக்காரர்கள் எல்லாருமே கிலுகிலுப்பைப் பாம்பின் வால்நுனியை வாத்தியத்துக்குள் போட்டு வைப்பார்கள். ஓசை திறக்கும், சிலந்தி அண்டாது, கண்ணேறு படாது. ஆனால் செத்த பாம்பின் வால்தான் போடுவார்கள். தெல்ஃபினோவுக்கு வீம்பு. உயிரோடு அறுத்தால்தான் மரம் பேசும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, கரும்பு வெட்டுகிற இடத்தில் பெண் பாம்பு ஒருத்தியைக் கவைக்கோலால் அமுக்கிப் பிடித்து, கத்தியால் வாலை அறுத்துக்கொண்டு அவளைப் போக விட்டுவிட்டான். வாலில் பதினோரு வளையம் என்று, பாம்பின் அழுகின வெள்ளரிக்காய் வாடை போகாத கையோடு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான். அப்போது நிகாசியாவும் சிரித்தாள். இப்போது அதை நினைத்தால் அவளுக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது.

பலகைத் தரையின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஊறி உள்ளே வந்தது. பாதம் நனைந்தது. மாவுச் சட்டியை, உப்பை, குழந்தைத் துணிகளை எல்லாம் மேசைமேல் ஏற்றினாள். வீட்டு நடுவில், கயிற்றுத் தூளியில், கனத்த போர்வைக்குள் அம்பாரோ தூங்கிக்கொண்டிருந்தாள். தூளியின் ஒரு கயிறு சுவரோரமாகத் தரைவரை தொங்கி நனைந்திருந்தது.

மறுபடியும் கிலுகிலுப்பு. இந்த முறை நிற்கவில்லை.

உள்ளே வந்துவிட்டாள் என்று நிகாசியாவுக்குத் தெரிந்துவிட்டது. வால் இல்லாதவள். பக்கத்தில் வந்தாலும் சத்தம் போட முடியாதவள். அவளுக்குப் பதிலாகச் சுவரில் இருக்கிற இது சத்தம் போடுகிறது.

ஹரானாவை ஆணியிலிருந்து எடுத்தாள். உள்ளங்கையில் மரம் அதிர்ந்தது. ஆற்றில் எறியலாம் என்று சன்னல்வரை போனாள். அங்கே சத்தம் தணிந்தது. சட்டென்று ஒன்று புரிந்தது. எறிந்துவிட்டால் அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்ல ஆள் கிடையாது.

வாத்தியத்தை மார்போடு பிடித்துக்கொண்டு தண்ணீரில் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். அடுப்பருகே சத்தம் குறைவு. கதவருகே இன்னும் குறைவு. கட்டிலடியில் கொஞ்சம் கூடுதல். வீட்டு நடுவுக்கு வந்தாள். கூடியது. தூளியை நெருங்கினாள். மரமே பிளந்துவிடும்போல அலறியது.

"ஐயோ, மாதாவே!"

ஹரானாவை மேசைமேல் போட்டாள். தூளியைச் சுற்றி எதையும் பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை. குழந்தையைப் போர்வையோடு வாரி எடுத்து, முக்காலியில் கால் வைத்து மேசைமேல் ஏறி நின்றாள். மூச்சு இரைத்தது. தப்பித்தோம் என்று அழுகையே வந்துவிட்டது. அம்பாரோ தூக்கத்திலேயே சப்புக்கொட்டினாள்.

தூளி காலியாக ஆடியது. அதில் ஒன்றுமில்லை. அடியிலும் ஒன்றுமில்லை. கலங்கல் தண்ணீர், ஒரு மரக்கரண்டி, அவ்வளவுதான்.

காலடியில் ஹரானா அலறிக்கொண்டே இருந்தது.

குறையவில்லை.

ஏறி வந்துவிட்டாளோ என்று மேசையின் நாலு காலையும் குனிந்து பார்த்தாள். இல்லை. காலால் வாத்தியத்தை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினாள். சத்தம் கொஞ்சம் தணிந்தது. காலாலேயே தன்னருகே இழுத்தாள். கூடியது.

மறுபடி தள்ளினாள். தணிந்தது.

இழுத்தாள். கூடியது.

அழுகின வெள்ளரிக்காய் வாடை. ஆற்று வாடை இல்லை. தன் மார்பிலிருந்து வருகிறது.

பத்தொம்பது நாள் குழந்தை. இத்தனை கனமா?

அசையாமல் நின்றாள். போர்வையின் அடிப்பக்கம், அவள் முழங்கைக்குக் கீழே, ஏதோ ஒன்று மெதுவாக இடம் மாறிப் படுத்தது. துணி தாண்டிக் குளிர்ந்தது. கீழே போட முடியாது. கீழே தண்ணீர். பிரிக்க முடியாது. உதற முடியாது. பிள்ளைக்கும் அதற்கும் நடுவில் கையை விட்டு எது எது என்று தடவிப் பார்க்க எந்தத் தாயால் முடியும்?

சன்னலில் படகு இடித்தது.

"நிகா! மன்னிச்சுக்கடி, மாடு ஏற மாட்டேன்னு அடம் புடிச்சிருச்சு." தெல்ஃபினோ சன்னல் வழியாக இரண்டு கையையும் நீட்டினான். நனைந்த முகம் முழுக்கச் சிரிப்பு. "ஏன் செலயாட்டம் நிக்கிற? புள்ளையக் குடு மொதல்ல. ஏய், உன்னத்தான்! அந்த ஹரானா ஏன் இப்படிக் கத்துது?"

பேசினால் மார்பு அசையும், உள்ளே இருப்பது கொத்திவிடும். கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினாள். அவனுக்கு விளங்கவில்லை. சன்னலில் ஒரு காலைத் தூக்கி வைத்தான். பலகை முறிகிற சத்தத்தோடு உள்ளே குதித்தான். தண்ணீர் தெறித்தது. மேசை ஆடியது.

ஹரானா நின்றுவிட்டது.

போர்வைக்குள் அம்பாரோ விழித்துக்கொண்டாள். அழவில்லை. பசித்தால் எப்போதும் செய்வதுபோல் வாயைத் திறந்து, முகத்தைத் திருப்பி, தன் கன்னத்தருகே மெல்ல எழும்பிய குளிர்ந்த செதில் மடிப்பில் முலையைத் தேடினாள்.