‘ஐயோ’ பொத்தான்

உடம்பு, தலை, கால்கள், காதுகள் என்று ஒவ்வொன்றாக வரைந்து வந்த சின்னுவுக்கு, யானைக்கு வால் போடும்போது திரையில் விரல் வழுக்கிவிட்டது. வால் போய் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

கவலையில்லை. சித்தி எழுதிய இந்தப் படம் வரையும் செயலியில் ‘ஐயோ’ என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கடைசியாகப் போட்ட கோடு மறைந்துவிடுமாம்.

சின்னு அழுத்தினாள். யானையின் உடம்பு மறைந்தது! மறுபடி அழுத்தினாள். தலையும் போயிற்று.

“யானை கால விட்டுட்டு எங்க போச்சு?” பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்த தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

சின்னுவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாம்தான் எதையோ கெடுத்துவிட்டோமோ? மாலையில் இதை மருத்துவமனைக்கு, குழந்தைகள் வார்டுக்கு எடுத்துப் போகப் போகிறார்கள். இப்போது சொன்னால் சித்தியின் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால், கட்டுப்போட்ட கையோடு யாரோ பாடுபட்டு வரைந்த படம் இப்படித்தான் காணாமல் போகும்.

“சித்தி... உங்க ‘ஐயோ’ சரியில்ல. கடைசிக் கோடு அப்படியே இருக்கு, முதல்ல போட்டதுதான் போகுது.”

“இருக்காதே! காலையிலகூடப் பார்த்தேன். கோடு போட்டேன், அழுத்தினேன், போயிடுச்சு.”

“எத்தனை கோடு போட்டீங்க?”

“ஒண்ணு...” சித்தியின் குரல் இறங்கியது.

“ஒண்ணே ஒண்ணு இருந்தா முதலும் அதுதான், கடைசியும் அதுதான். எது போச்சுன்னு எப்படிச் சித்தி தெரியும்?”

சித்தி மடிக்கணினியைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “டாக்டரைப் பார்க்க டோக்கன் கொடுக்கிற செயலிக்கு எழுதின வரிசையை அப்படியே இங்க தூக்கிப் போட்டிருக்கேன். அங்க முதல்ல வந்தவங்க முதல்ல போகணும்.”

“அது நியாயம். காத்திருக்கிறவங்களுக்குக் கால் வலிக்கும். கோட்டுக்கு என்ன வலிக்கப்போகுது?”

“அப்போ எப்படி இருக்கணும்ங்கிற?”

சின்னு யோசித்தாள். எதிரே தம்பி ஷூவைக் கழற்றாமலே சாக்ஸை இழுத்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தான்.

“டேய், ஷூவை முதல்ல கழட்டுடா! கடைசியா மாட்டினது அதுதானே...” பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினாள். “சித்தி! இவன் கால் மாதிரி இருக்கணும்!”

சித்தி சிரித்துவிட்டாள். “அதுக்குப் பேரு அடுக்கு. கடைசியா வந்தது முதல்ல வெளியே போகும்.”

“அப்போ அடுக்கையே போடுங்க. இந்தத் தடவை நிறையக் கோடு போட்டுப் பார்க்கலாம்.”

மாற்றி எழுதி முடித்ததும் தம்பி திரை கொள்ளாமல் கிறுக்கிவிட்டு, விடாமல் அழுத்தினான். கிறுக்கல் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

மாலையில் வார்டில், வலக்கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒரு சிறுமி இடக்கையால் பூனை வரைந்தாள். மீசை ஒன்று கோணிக்கொண்டு கண்ணுக்குள் போய்விட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு ‘ஐயோ’வை அழுத்தினாள்.

அந்த மீசை மட்டும் மறைந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த மீசையைப் போடத் தொடங்கினாள்.

சின்னு அப்போதுதான் மூச்சை விட்டாள்.