ஒட்டிக்கொண்ட வரிகள்

காலை ஒன்பதே கால்.

ரத்தப் பரிசோதனை லேபின் முதலாளி, தன் நாற்காலிக்குக் கீழே செத்துக் கிடந்தார். வாயோரம் நுரை. மேஜையில் பாதி குடித்த டீ.

அதே மேஜையில், பதினைந்து வருடத்துப் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர். அதன் திரையில் ஒரு கடிதம்...

இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார். முகம் சுளித்தார்.

"'தப்பான ரிப்போர்ட் எல்லாம் டெக்னீஷியன் குடுத்தது... கேட்டா என்னையே மிரட்டுறா... அவமானம் தாங்க முடியல, போறேன்...' ஏம்மா, டெக்னீஷியன் நீதானே?"

சுவரோரம் நின்ற பெண் தலையாட்டினாள். வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. இந்தக் கடிதம் நிஜமென்றால் அவளுக்கு ஜெயில் நிச்சயம்.

"நான் ஒரு ரிப்போர்ட்டும் மாத்தல சார்."

"இதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

லேபில் கூடமாட உதவும் முதலாளியின் மனைவி, கைக்குட்டையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும், பெங்குவின் சின்னம் கொண்ட லினக்ஸைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். அதனால் லேபில் அவனுக்குப் பெயர் 'பெங்குவின்'.

"இந்த ஓட்டை மெஷினை ஏன்யா இன்னும் கட்டிக்கிட்டு அழறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரத்தம் டெஸ்ட் பண்ற அனலைசர் இதோட மட்டும்தான் ஒத்துப்போகும் சார்" என்றான் பெங்குவின். "ஆனா வயசான மெஷின், ஒரு நாளைக்கு நாலு தடவை ஹேங் ஆகும். என் லினக்ஸ் லேப்டாப் ஒரு தடவைகூட நின்னதில்ல. மாத்துங்க மாமான்னு சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு."

"உன் லேப்டாப்புல அனலைசரை மாட்டினா?"

"...வேலை செய்யாது."

"ஒண்ணு படுத்துப் படுத்து வேலை செய்யும். இன்னொண்ணு படுக்கவும் படுக்காது, வேலையும் செய்யாது. நல்ல குடும்பம்யா."

பிணத்தைக் காலடியில் போட்டுக்கொண்டு பேசுகிற பேச்சைப் பாருங்கள்!

டெக்னீஷியன் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"சார்... இது இந்தக் கம்ப்யூட்டர்ல அடிச்சது இல்ல."

"எப்படிச் சொல்றே?"

"வரியைப் பாருங்க. எங்கேயும் பிரியாம ஒரே நீட்டா ஓடுது. எண்டர் தட்டினா விண்டோஸ் அதை ஒரு மாதிரி பதிவு பண்ணும், லினக்ஸ் வேற மாதிரி. லினக்ஸ்ல அடிச்சதை இந்தப் பழைய நோட்பேட்ல திறந்தா இப்படித்தான் எல்லாம் ஒட்டிக்கும். வெளியில அடிச்சு, பென்டிரைவ்ல கொண்டுவந்து போட்டிருக்காங்க."

லினக்ஸ்!

எல்லோர் பார்வையும் பெங்குவின் மேல் விழுந்தது.

அவன் முகம் கறுத்தது. "இந்தத் தப்பை நான் பண்ணுவேனா சார்? இங்கே ஒரு ஃபைல் குடுக்கறதுன்னாகூட விண்டோஸுக்கு ஏத்த மாதிரி மாத்தித்தான் குடுப்பேன். என்னைப் போய்..."

"கொலை பண்ணினியான்னு கேட்டா, நீ கவுரவத்தைப் பத்திப் பேசறே. த்தூ... கையை நீட்டு."

விலங்கு மாட்டியது.

அக்கா பாய்ந்து வந்தாள்.

"தம்பியை விடுங்க சார். அவன் நேத்து ஊர்லயே இல்ல. லேப்டாப்பை எங்க வீட்ல வச்சிட்டுப் போயிட்டான். அதுல லெட்டர் வரிவரியா, தனித்தனியாத்தான் இருந்துச்சு. இந்தப் பாழாப்போன மெஷின்தான் எல்லாத்தையும் ஒட்ட..."

பாதியில் நிறுத்தினாள்.

"அதுல இருந்ததை நீங்க எப்பம்மா பார்த்தீங்க?"

அழுகை நின்றது. குரல் மாறியது.

"மெஷின் ஹேங் ஆகறப்பல்லாம் ரத்தத்தை வாஷ்பேசின்ல கொட்டிட்டு நானே நம்பர் போட்டுக் குடுத்தேன். யாரு செத்தா இப்ப? அவர் அதைக் கண்டுபிடிச்சிட்டு, மேலிடத்துக்கு எழுதறேன்னு குதிச்சார். காலையில டீ போட்டுக் குடுத்தேன்."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். விலங்கு கை மாறியது.

இன்ஸ்பெக்டர் வாஷ்பேசினைப் பார்த்தார். வெள்ளைப் பீங்கானில் பழுப்புக் கறை.

"போன மாசம் எனக்குச் சர்க்கரை இல்லைன்னு இங்கேதான் ரிப்போர்ட் வாங்கினேன். அது மெஷின் சொன்னதா... நீங்க சொன்னதா?"

முதலாளியின் மனைவி வாஷ்பேசின் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

டெக்னீஷியன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஸ்டேஷன்ல டீ சொல்லும்போது, சர்க்கரை வேண்டாம்னு சொல்லிடுங்க சார்."